தானாக ஓடும் கடை யாருக்காக ஓடுகிறது?

வேலையை விட வேண்டாம். ஆள் வைக்க வேண்டாம். ஒரு லேப்டாப், நாலைந்து செயலிகள், ஒரு சனி ஞாயிறு போதும். ஒருமுறை கட்டி நிறுத்திவிட்டால் கடை தானாக ஓடும். நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போதும் தூங்கும்போதும் பணம் வந்து விழுந்துகொண்டே இருக்கும். இன்ஸ்டாகிராமில் கட்டைவிரலை நாலு முறை தள்ளினால் இதைச் சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். பின்னணியில் பால்கனி, கையில் காபி, மேஜையில் அன்றைய வரவைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட். வரவு மட்டும்தான். செலவின் ஸ்கிரீன்ஷாட்டை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

இதை மறுக்கிறவர்கள் பெரும்பாலும் ‘எல்லாம் டுபாக்கூர்’ என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். அதில் பயனில்லை. ஏமாற்றுக்காரர்களைக் கழித்துவிட்டால் மிச்சமுள்ள யோசனை சரிதானே என்று கேட்பவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். ஐடி கம்பெனியில் எப்போது சீட்டு கிழியுமோ என்று பயந்திருப்பவரும், வீட்டுக் கடனில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி வைத்திருப்பவரும் முட்டாள்கள் இல்லை. ஆகவே ஏமாற்றுக்காரர்களைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். மனதார நம்பிச் சொல்கிறவரின் வாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். என் வழக்கு இதுதான்: தனி ஆளாக இணையத்தில் தொழில் செய்து உபரி வருமானம் பார்க்கலாம், ஆனால் அந்தத் தொழிலில் எந்தப் பகுதி தானாக ஓடுகிறதோ, அந்தப் பகுதியில் அவருக்குக் காசு கிடையாது.

கடை தானாக ஓடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு மூல நூல் உண்டு. அமெரிக்கரான டிம் ஃபெரிஸ் 2007இல் வெளியிட்ட ‘தி ஃபோர் ஹவர் வொர்க்வீக்’. சத்து மாத்திரை விற்கும் தன் நிறுவனத்தில் ஆர்டர் எடுப்பது, பார்சல் அனுப்புவது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது எல்லாவற்றையும் வெளியாட்களிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றப் போன கதை. வாரத்துக்கு நாலு மணி நேரம் என்ற தலைப்பை உலகம் பிடித்துக்கொண்டது. அந்த நிறுவனத்தைக் கட்டிய காலத்தில் இரவு பகல் பாராமல் உழைத்துத் தேய்ந்துபோனதையும் அவர் அதே புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறார். அது ரீல்ஸுக்கு வரவில்லை. லாபம் பார்த்துவிட்ட தொழிலிலிருந்து முதலாளி ஒதுங்கி நிற்கலாம், தப்பில்லை. தொழிலே இன்னும் பிறக்காத இடத்தில் முதல் நாளிலிருந்தே ஒதுங்கி நிற்பது எப்படி என்றுதான் இங்கே பாடம் நடக்கிறது.

நம்பிக்கைக்காரர் சொல்வதில் பாதி உண்மை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. கேன்வாவில் டிசைன் போட்டு, ஷாப்பிஃபையில் கடை திறந்து, பேமென்ட் கேட்வே சேர்த்து, கூரியர்காரரை வீட்டு வாசலுக்கே வரவைக்கலாம். பொருளைப் பற்றிய விவரத்தை சாட்ஜிபிடி எழுதித் தரும். முன்பு நாலு பேர் உட்கார்ந்து செய்த வேலை இது. ஆனால் உங்களுக்கு ஒரு சனி ஞாயிறில் முடிகிற காரியம் மதுரையில் ஒருவருக்கும் லக்னோவில் ஒருவருக்கும் அதே சனி ஞாயிறில் முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை காலையில் ஒரே மாதிரி ஆயிரம் கடை. வாங்குகிறவர்கள் மட்டும் பழைய கணக்குதான்.

2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், கதைகள் வாங்குவதையே நிறுத்திவைக்க வேண்டிவந்தது. அந்த மாதம் 20ஆம் தேதிக்குள் இயந்திரம் எழுதிய கதைகள் மட்டும் சுமார் 500 வந்து குவிந்துவிட்டன. அனுப்பியவர்கள் கதை எழுத ஆசைப்பட்டவர்கள் அல்லர், ஏஐ வைத்துச் சுலபமாகச் சம்பாதிக்கலாம் என்ற பிரச்சாரத்தை நம்பி வந்தவர்கள் என்று ஆசிரியர் நீல் கிளார்க் புலம்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் அமேசானில் அவரவரே புத்தகம் வெளியிட்டுக்கொள்ளும் தளமான கேடிபி, ஒருவர் ஒரு நாளில் மூன்று புத்தகத்துக்கு மேல் புதிதாக ஏற்றக்கூடாது என்று வரம்பு வைத்தது. நாளைக்கு மூன்று புத்தகம் என்பதைக் கட்டுப்பாடாக அறிவிக்க வேண்டுமென்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் கூகுள், தேடலில் மேலே வருவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்து குவிக்கும் பக்கங்களை ஸ்பேமாகவே நடத்துவோம் என்று விதி போட்டது. ஏஐ வைத்துப் பக்கம் பக்கமாகக் கொட்டிய பல தளங்கள் அந்த மாதமே தேடலிலிருந்து காணாமல் போயின. சுலபமான இடத்தில் கூட்டம் சேரும், சேர்ந்தால் விலை விழும், பிறகு வாசலில் காவல் போடுவார்கள். மூன்று இடத்திலும் இதுதான் நடந்தது.

பொதுவாகப் பேசுவதை விட்டு ஒரு டி-ஷர்ட்டைக் கையில் எடுப்போம். ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ என்பது இந்தத் தானியங்கித் தொழில்களிலேயே ரொம்பப் பேசப்படுவது. திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் நம்மவர்களுக்கு அதில் ஒரு கூடுதல் ஆசை. நீங்கள் டிசைன் மட்டும் போடுகிறீர்கள். ஆர்டர் விழுந்ததும் அச்சடிப்பவருக்குத் தகவல் தானாகப் போகிறது. அவர் அச்சடித்து, மடித்து, உங்கள் கடைப் பெயர் போட்ட கவரில் அனுப்புகிறார். நீங்கள் பொருளைத் தொடவே இல்லை.

விற்கும் விலை 499 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆடைக்கான 5 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் கையில் 475. துணியும் அச்சும் சேர்த்து 250, கூரியர் 60, கேஷ் ஆன் டெலிவரிக்குக் கூரியர்காரர் எடுப்பது 30, இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஒரு ஆர்டருக்கு 100. எல்லாம் உதாரணக் கணக்குதான். உள்ளீட்டு வரிக் கழிவு போன்ற சில்லறைகளை விட்டுவிடுகிறேன். மொத்தச் செலவு 440, மிச்சம் 35 ரூபாய். நூறு சட்டை விற்றால் 3,500. பரவாயில்லையே, தூங்கிக்கொண்டே 3,500 ரூபாய் என்று தோன்றும்.

இப்போது ஆர்டிஓ. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இல்லை; அனுப்பியவருக்கே பார்சல் திரும்பி வருவதை இந்தத் தொழிலில் இப்படித்தான் சொல்கிறார்கள். திரும்பிய ஒரு சட்டைக்கு 250 போச்சு, போன கூரியர் 60 போச்சு, திரும்பிய கூரியருக்கு 50 தண்டம், விளம்பரத்துக்குக் கொடுத்த 100 போச்சு. ஆக 460. கிடைத்திருக்க வேண்டிய 35 ரூபாய் லாபத்தையும் சேர்த்தால் ஒரு சட்டை திரும்பும்போது கணக்கில் 495 குறைகிறது. நூற்றுக்கு ஏழு சட்டை திரும்பினால் அந்த 3,500இல் மிஞ்சுவது 35 ரூபாய். எட்டாவது திரும்பினால் நஷ்டம். கேஷ் ஆன் டெலிவரியில் நூற்றுக்கு இருபது திரும்புவது சகஜம் என்று விற்பவர்களே சொல்வார்கள். இருபது திரும்பினால் 6,400 ரூபாய் கைக்காசு போகும்.

அச்சடித்த சட்டையை வேறொருவருக்கு விற்கலாமே என்பீர்கள். ‘திருச்சி மெக்கானிக்கல் 2019 பேட்ச்’ என்று அச்சடித்ததை யாருக்கு விற்பது?

அப்படியானால் இந்தத் தொழிலில் நிற்கிறவர்கள் எப்படி நிற்கிறார்கள்? போன் செய்கிறார்கள். ஆர்டர் விழுந்ததும் அனுப்பும் முன் கன்பர்மேஷன் கால். “டி-ஷர்ட் ஆர்டர் போட்டிருக்கீங்க, அனுப்பிரலாங்களா?” என்றால் அந்தப் பக்கத்திலிருந்து “யாருங்க நீங்க?” என்று வரும். “பையன் போன்ல வெளையாண்டுட்டு இருந்தான், தெரியாம அழுத்திட்டான்” என்று வரும். “அனுப்புங்க, ஆனா நான் வர்ற வாரம்தான் ஊருக்கு வருவேன்” என்பதும் உண்டு. அந்தப் பார்சல் நிச்சயம் திரும்பும். முகவரியில் ‘மாரியம்மன் கோயில் பின்புறம், முருகன் டீக்கடை எதிரில்’ என்று மட்டும் இருக்கும், கதவு எண் இருக்காது, பின்கோடு பக்கத்து ஊருடையதாக இருக்கும். அதைக் கேட்டுத் திருத்தி, கூரியர் பையனிடம் வழி சொல்லி, எம் சைஸ் இறுக்கமாக இருக்கிறது என்பவரைச் சமாதானப்படுத்தி எல் சைஸ் அனுப்புகிற ஆள்தான் அந்த 35 ரூபாயைக் காப்பாற்றுகிறார். இதையும் ரோபோ அழைப்புக்கு விடலாம் என்று செயலி விற்பவர்கள் சொல்கிறார்கள். ரோபோ பேசினால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே அதைத்தான் செய்வீர்கள்.

கடையைத் திறப்பதும் டிசைன் போடுவதும் தகவல் அனுப்புவதும் தானாக நடக்கின்றன; அவற்றுக்கு யாரும் உங்களுக்குக் காசு தருவதில்லை. காசு இருப்பது அந்த போன் காலில். ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பவர் அதைச் செய்ய முடியாது.

பொருள் அனுப்பினால்தானே இந்தத் தொல்லை, நான் டிஜிட்டலாக விற்கிறேன், தளம் நடத்துகிறேன், சேனல் நடத்துகிறேன் என்பவருக்கு வேறு சங்கதி. அவர் புறம்போக்கில் வீடு கட்டுகிறார். சுவர் அவருடையது, மண் அவருடையதில்லை. 2018 ஜனவரியில் யூடியூப், விளம்பரக் காசு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று அறிவித்தது. அதுவரை காசு வாங்கிக்கொண்டிருந்த சின்னச் சேனல்களும் அடுத்த மாதமே வெளியே நின்றன. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில், தன் பொருளைப் பரிந்துரைத்து விற்றுத் தரும் தளங்களுக்கான அஃபிலியேட் கமிஷனைக் குறைத்தபோது, வீட்டுச் சாமான் பிரிவில் 8 சதவீதம் 3 ஆனது, மளிகையில் 5 சதவீதம் 1 ஆனது. கொடுத்த அவகாசம் ஒரு வாரம். ஐந்தாறு வருடம் உட்கார்ந்து ‘எந்த நாற்காலி வாங்கலாம்’ என்று கட்டுரை எழுதித் தளம் வளர்த்தவரின் வருமானம் ஒரே வாரத்தில் பாதிக்கும் கீழே போயிற்று.

நம் நாட்டிலும் கதை வேறில்லை. சீனத் தளமான அலிஎக்ஸ்பிரஸில் கிடைப்பதை இங்கே விற்று, சரக்கை நேராக வாடிக்கையாளருக்கே அனுப்ப வைக்கும் டிராப்ஷிப்பிங்கை ஊருக்கு ஊர் கற்றுக்கொடுத்தார்கள். 2020 நவம்பரில் மத்திய அரசு 43 செயலிகளைத் தடைசெய்தபோது அலிஎக்ஸ்பிரஸும் அதில் போயிற்று. மாதச் சந்தா வைத்தால் மாதாமாதம் தானாகப் பணம் வரும் என்று நம்பியவர்களுக்கு 2021 அக்டோபர் 1 வந்தது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதி: முதலில் வாடிக்கையாளர் ஓடிபி போட்டு ஒப்புதல் தர வேண்டும், ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அவருக்குச் சொல்ல வேண்டும், 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். பிறகு அந்த வரம்பை 15,000 ஆக்கினார்கள். விதி நல்ல விதிதான், வாடிக்கையாளராக எனக்கும் அதில் நிம்மதி. ஆனால் பழைய ஒப்புதல்கள் பல ஒரே நாளில் செல்லாமல் போக, சந்தா வைத்துப் பிழைத்த சின்ன ஆட்கள் ஒவ்வொருவராக வாடிக்கையாளரை அழைத்து மறுபடி கார்டு போடச் சொல்ல வேண்டியதாயிற்று. மறுபடியும் போன்.

இந்தத் தொழில்களைக் கற்றுக்கொடுப்பவர்கள் ஜிஎஸ்டியைப் பாடத்திட்டத்தில் கடைசி வரியில்கூட வைப்பதில்லை. சொந்தத் தளத்திலிருந்து கர்நாடகத்துக்கு ஒரே ஒரு சட்டை விற்றாலும் பதிவு கட்டாயம். 40 லட்சம் வரை விலக்கு என்பது மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்கு. பதிவு செய்துவிட்டால் விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். கடை தூங்கினாலும் தானாக ஓடுவது அது ஒன்றுதான்.

இவ்வளவுக்கும் பிறகு, “ஜெயித்தவர்களே இல்லையா?” என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். இரண்டு பேரைச் சொல்கிறேன், இரண்டு பேரும் உண்மையான வெற்றிகள். மார்க்கஸ் ஃபிரிண்ட் என்ற கனடாக்காரர் 2003இல் பிளென்டி ஆஃப் ஃபிஷ் என்ற துணை தேடும் தளத்தைத் தனி ஆளாகத் தொடங்கினார். பல ஆண்டுகள் அவர் ஒருவர்தான் கம்பெனி. 2015இல் 57.5 கோடி டாலருக்கு விற்றார். அவர் தொடங்கிய அதே ஆண்டில்தான், தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் வந்தது. காசு வாங்காமல் துணை தேடித் தரும் தளங்கள் அப்போது அபூர்வம். கூட்டம் சேரும் முன் போய் உட்கார்ந்த மனிதர் அவர். விற்கும் நேரத்தில் அவருக்கும் ஊழியர்கள் இருந்தார்கள்.

அடுத்தவர் பீட்டர் லெவல்ஸ். நெதர்லாந்துக்காரர், நோமட் லிஸ்ட், ரிமோட் ஓகே போன்ற தளங்களை ஆள் வைக்காமல் தானியங்கி நிரல்களால் நடத்துகிறவர். தனி ஆள் தொழில் என்ற மதத்துக்கு இன்றைய தேதியில் அவர்தான் பெரிய சாமி. 2014இல் பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு நிறுவனம் தொடங்குவதாக அறிவித்துக் கிளம்பினார். எழுபதுக்கும் மேற்பட்ட முயற்சிகளில் நாலுதான் பணம் தந்தன என்று ஒளிக்காமல் சொன்னவரும் அவரேதான். நன்றாக நிரல் எழுதத் தெரிந்த, குடும்பப் பொறுப்பு இல்லாமல் ஊர் ஊராகத் திரிந்த, முழுநேரமும் இதையே செய்த ஒரு இளைஞனின் கணக்கு அது. அலுவலகம் முடிந்து, தாம்பரத்தில் ரயில் இறங்கி, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப் திறப்பவர் எழுபது முயற்சிக்கு எங்கே போவார்?

இனி, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்த ஏமாற்றுக்காரர்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆட்டோமேட்டர்ஸ் என்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அமேசானிலும் வால்மார்ட்டிலும் உங்கள் பெயரில் நாங்களே ஏஐ துணையோடு கடை நடத்தித் தருகிறோம், நீங்கள் பணம் போட்டால் போதும் என்று 2.2 கோடி டாலர் வரை வாங்கியதாகக் குற்றச்சாட்டு. போட்ட முதலையே பலர் எடுக்கவில்லை. விதி மீறலுக்காகக் கடைகளை அமேசான் முடக்கியபோது மாட்டிக்கொண்டது கடை யார் பெயரில் இருந்ததோ அவர். 2024 செப்டம்பரில் அசெண்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் மீது அதே மாதிரி வழக்கு, குறைந்தது 2.5 கோடி டாலர்.

நம்மூரில் இது இன்னும் நயமாக நடக்கிறது. 99 ரூபாய்க்கு இணையவழிப் பயிலரங்கு, அதில் இரண்டரை மணி நேரம் ஆசை காட்டல், கடைசி பத்து நிமிடத்தில் 24,999 ரூபாய்ப் பயிற்சி ‘இன்று மட்டும்’ 9,999. நான் இதைப் பார்த்து ஒருவகையில் வியக்கிறேன். நினைவூட்டல் வாட்ஸ்அப் தானாக வருகிறது, முன்பே பதிவுசெய்த வீடியோ நேரலை போல ஓடுகிறது, பணம் கட்டினால் பாடம் தானாகத் திறக்கிறது, திரும்பி வரப் பார்சல் கிடையாது. சொன்னபடியே தானாக ஓடும் தொழில் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதில் சரக்கு நீங்கள்.

எல்லோரும் அப்படியில்லை, சில பயிற்சியாளர்கள் நல்லெண்ணத்தோடு நடத்துகிறார்கள் என்று வாதிடலாம். இருக்கட்டும். நல்லெண்ணத்தோடு சொன்னாலும் ஏழாவது சட்டைக்கு அப்புறம் எட்டாவது திரும்பத்தான் செய்யும்.

மிச்சமிருப்பது ஒரே ஒரு எதிர்வாதம். எனக்கு அது ஒன்றுதான் கனமாகப் படுகிறது. “நேரம் இல்லாதவர்களுக்குத்தானே சார் இது? நேரம் இருந்தால் நான் ஏன் தானியங்கியைத் தேடப்போகிறேன்?” நியாயம். உபரி வருமானம் யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்களிடம்தான் நேரம் ரொம்பக் குறைவு. ஆனால் தானியங்கிக் கடையும் நேரம் கேட்கிறது. மாலை இரண்டு மணி நேரத்தை ஆறேழு மாதம் வாங்கிக்கொள்கிறது, கூடவே விளம்பரக் காசையும் முன்பணமாக வாங்கிக்கொள்கிறது. அதே இரண்டு மணி நேரத்தை, உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த ஒன்றில் போட்டு, அதற்கு விலை வாங்குங்கள் என்கிறேன். கடைத்தெருவில் நாலு கடைக்குக் கணக்கு எழுதி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கலாம். அளவு ரவிக்கையை வாங்கிவைத்துத் தைத்துக் கூரியரில் அனுப்பும் பெண்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்துகூட அவர்களுக்கு ஆர்டர் வருகிறது. பில் போடவும் நினைவூட்டவும் பணம் வாங்கவும் செயலியை வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாக. அந்த அளவுக்குத் தானியங்கி போதும்.

பிளஸ் டூ வேதியியல் தெரிந்த ஒருவர் கூகுள் மீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுத்து, ஆளுக்கு 1,500 வாங்கினால் மாதம் 7,500 ரூபாய். முதல் மாதமே வரும். ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் அவர்தான் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குத்தான் அந்தக் காசு. அதே 7,500ஐ 35 ரூபாய் லாபத்தில் சட்டை விற்று எடுக்க வேண்டுமானால் மாதம் 215 சட்டை விற்க வேண்டும், அதில் ஒன்றுகூடத் திரும்பக்கூடாது.